முதலில் பேசியவள்

போடிமெட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. துப்பட்டாவிலும் அந்த வாசனை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போனை வாயருகே வைத்து, "பன்னெண்டாவது வளைவு இறங்கிட்டேன்டி" என்று தோழிக்குக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டே வந்தாள்.

அடுத்தவர் கதையை விசாரிக்கும் புத்தி எனக்கு உண்டு. கேட்டுவிட்டேன்.

"டேட்டிங் ஆப்புல பழகுன ஒருத்தரைப் பாக்கப் போறேன்க்கா. நான் எங்க இருக்கேன்னு ஒருத்திக்காவது தெரியணும்ல. அந்த ஆப்புல பொம்பளதான் மொதல்ல பேசணும். பேசுனேன். 'இதுக்கு முன்னாடி எத்தனை பேருகிட்ட இப்படிப் பேசுன?'ன்னு கேட்டாரு."

"அப்புறமும் எதுக்கும்மா போற?"

"அதை என் மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்னுதான்."

சிரித்தாள். போனை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

போடி பஸ் நிலையத்தில் இறங்கியதும், டீக்கடை வாசலில் நின்ற ஒருவரைப் பார்த்துத் தயங்கினாள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் இங்கயே நிக்கிறீங்களா?"

"தேனி பஸ்ஸு கிளம்பப் போகுதும்மா."

தலையாட்டிவிட்டுத் தனியாக நடந்தாள். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அந்த பஸ் கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைப் பக்கம் நான் திரும்பவே இல்லை.