அண்ணாவுக்கு அப்பா போட்ட வாக்கு

அண்ணா, உன் பெயர் இன்னும் வாக்குச்சீட்டில் இருக்கிறது. நீதான் இல்லை.

இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. செத்தவீட்டுக்காரி இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். இந்தக் கதையை அழுதுகொண்டு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்து வெஸ்ட்லியில், சுரங்க ரயில் போய் முடிகிற இடம். எங்கள் மாடிக் கட்டடத்துத் தமிழர் யாருக்கு வாக்குப் போடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். துப்புரவு வேலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகிறவர்கள் இடதுசாரிக்கு. டாக்ஸி ஓடுகிறவர்களும் சொந்தக் கடை வைத்திருப்பவர்களும் வலதுசாரிக்கு. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் பச்சைக் கட்சிக்கு. போட்டுவிட்டு வந்து, இறைச்சி சாப்பிடக்கூடாது என்று தாய் தகப்பனுக்கு வகுப்பெடுப்பார்கள். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் காசாளராக நிற்கிறவள். கடைசியாக எந்தக் கட்சிக்காரர் ரோல்ஸ் தந்தாரோ, அவருக்கு.

பகிடி இல்லை. தேர்தல் வந்தால் ஒவ்வொரு கட்சியும் தன் பட்டியலின் அடியில் ஒரு தமிழரைப் போட்டுவிடும். அந்த ஆள் கோயில் திருவிழாவில் எல்லாரிடமும் சுகம் விசாரிப்பார், ரோல்ஸ் பெட்டியோடு வீடு வீடாக வருவார். எங்கள் சனம் எல்லாப் பெட்டியிலும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, போன முறை போட்டவருக்கே போடும்.

அப்பா இடதுசாரி. அகதியாக வந்திறங்கியபோது தன்னை உள்ளே விட்டவர்கள் அவர்கள்தான் என்பது அவருடைய கணக்கு. அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது. அண்ணா டாக்ஸி ஓடினவன். ஒஸ்லோவின் நடுப்பகுதிக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும் வீதிக்குக் காசு கட்டவேண்டியிருக்கிறது என்று திட்டித் திட்டியே வலதுசாரிக் கட்சியில் போய்ச் சேர்ந்தான். எங்கள் பகுதிச் சபைத் தேர்தலுக்கு அவர்கள் அவனைப் பட்டியலில் ஆகக் கடைசியாகப் போட்டார்கள். அவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. புதுக் கோட்டு ஒன்று வாங்கி, விலைத்துண்டைக் கழற்றாமல் உள்ளே மடித்துவிட்டுப் படம் எடுத்தான். அடுத்த நாள் கோட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவன் வீட்டில் செய்தியைச் சொன்ன அன்று புட்டும் மீன்குழம்பும். அப்பா பாதியில் எழும்பிக் கையைக் கழுவினார்.

"உன்ரை பேருக்கு இந்தக் கை வாக்குக் கீறாது."

"நான் ஆகக் கீழை நிக்கிறன் அப்பா. குனிஞ்சால்தான் கீறலாம். உங்களுக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது," என்றான் அண்ணா.

பாராளுமன்றம் கலைந்துவிட்டதென்றால் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுக்கலாமா என்று அம்மா கேட்டார்.

அதற்குப் பிறகு இருவரும் கார், மழை, சாப்பாடு எல்லாம் கதைத்தார்கள். தேர்தலை மட்டும் வாயில் எடுக்கவில்லை. ஜூன் மாதம் டாக்ஸித் தரிப்பிடத்தில், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, அண்ணாவின் நெஞ்சு நின்றுவிட்டது. இதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

தேர்தல் செப்டெம்பரில். பட்டியல் முன்பே முடிவாகிவிட்டதால் அவன் பெயரை எடுக்கவில்லை. இங்கே ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனி வாக்குத்தாள். வாக்குப் போடுகிற நாள் காலையில் அப்பா குளித்து, திருநீறு பூசி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்தக் கட்சியின்ரை தாளை நான் தொடமாட்டன். ஆனால் அவனுக்குப் போடோணும். வழி இருக்கோ?"

எனக்கு எங்கே தெரியும்? பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போய், வாசலில் நின்ற தேர்தல் பணியாளரிடம் கேட்டேன். உள்ளூர்த் தேர்தலில் அதற்கு வழி இருக்கிறது என்றாள் அந்த நோர்வேக்காரி. தன் கட்சித் தாளையே எடுத்து, அதில் மற்றக் கட்சிக்காரரின் பெயரை எழுதலாமாம். ஆனால் எழுதினால் வாக்கில் ஒரு சின்னத் துண்டு அந்தக் கட்சிக்குப் போய்விடுமாம். ஆள் உயிரோடு இல்லை என்றும் சொன்னேன். அவள் என் தோளைத் தொட்டாள். சபையில் அவருக்கு இடம் கிடைக்காது, ஆனால் பெயரை எழுதுவதை யாரும் தடுக்கமாட்டார்கள் என்றாள்.

எல்லாவற்றையும் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். வரிசையை மறித்துக்கொண்டு நின்று யோசித்தார்.

"எவ்வளவு போகும்?"

"கொஞ்சம்தான் அப்பா."

"கொஞ்சம் போகட்டும். வீதிக் காசைப் பற்றி அவன் கத்தினதிலையும் ஞாயம் இருந்தது."

திரைக்குப் பின்னால் போனவர் கனநேரம் வரவே இல்லை. திரைக்குக் கீழே அவருடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. பிறகு மடித்த தாளோடு வந்தார், முத்திரை குத்துவித்தார், பெட்டிக்குள் போட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"ஒரு பிழை விட்டிட்டன் போலை. அவன்ரை பேருக்கு முன்னாலை அமரர் எண்டு எழுதிப்போட்டன். வெறும் பேராய் எழுத மனம் வரேல்லை. அதுக்கு நோர்வேச் சொல்லும் தெரியேல்லை. தமிழிலையே எழுதிட்டன்."

முதலில் சிரித்தது நான்தான். வாக்கு எண்ணுகிறவர்கள் அந்தத் தாளை நேராகப் பிடித்து, தலைகீழாகப் பிடித்து, மேசைக்கு மேசை கொண்டு திரிவதை நினைத்தேன். அப்பாவும் சிரித்தார். ஜூனுக்குப் பிறகு அவர் சிரித்ததே அன்றுதான். பள்ளிக்கூடப் படியில் இருந்துவிட்டோம். சிரிப்பு அழுகையாகி, அழுகை திரும்பவும் சிரிப்பானது. நாயோடு வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கத்தால் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா சிரிக்கவில்லை.

"போடுறன் எண்டு இருக்கேக்கை அவனிட்டைச் சொல்லியிருக்கலாம். அமரர் எண்டு எழுதினது அவனுக்குக் கேக்கவோ போகுது?"

அப்பா ஓம் என்று தலையை ஆட்டினார். அம்மா உள்ளே போய்ச் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து அண்ணாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"சாப்பிடு ராசா. கொப்பர் உனக்குத்தான் போட்டிட்டு வந்திருக்கிறார்."

அன்று யார் வென்றார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

வாசிக்கிற நீங்கள் இடதோ வலதோ பச்சையோ, கும்பிடுவது பிள்ளையாரையோ மாதாவையோ, எனக்குத் தெரியாது. எல்லாரும் ஒருதரம் கண்ணை மூடி, என் அண்ணா போன இடத்தில் நிம்மதியாக இருக்கவேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.