பலகைக்கு இரு பக்கமும் ஒரே பிரிண்டர்

பிரிண்டர், ஸ்கேனர் சர்வீஸ் செய்து பிழைக்கும் சக பாவிகளே, வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியம் உங்களுக்கே தெரியும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு." அது உண்மையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆரணியில் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போக நேர்ந்தது.

பங்கும் பகிர்வும்

அண்ணன் தம்பி குடும்பங்கள். அடுப்படியில் தொடங்கிய சண்டை, கூடத்தின் நடுவே பிளைவுட் பலகையாக எழும்பி நின்றது. அந்தப் பக்கம் மூத்த மருமகள் மல்லிகா. பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுபவர். இந்தப் பக்கம் அவருடைய ஓரகத்தி கவிதா, டியூஷன் எடுப்பவர். ஒன்றாக இருந்தபோது வாங்கிய பிரிண்டர், பலகை முடியும் இடத்தில், இருவர் கைக்கும் எட்டும்படி இருந்தது. ஒயர் மட்டும் மல்லிகாவின் கம்ப்யூட்டருக்குப் போனது.

கவிதாவின் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் பிரிண்ட் எடுக்க ஷேரிங் போட்டுக் கொடுத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பங்கிட்டால் ஆளுக்குப் பாதி, பகிர்ந்தால் ஆளுக்கு முழுசு, ஆகவே இது பங்கு அல்ல, பகிர்வு என்று இலக்கணமும் சொன்னேன். மல்லிகா பலகையைப் பார்த்தார். "இதை அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேங்க."

தூக்கம்

ஒரு வாரத்தில் கவிதாவின் போன். கேள்வித்தாள் அச்சாகவில்லையாம். மிஷினில் கோளாறில்லை. ஒயர் செருகிய கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் மற்றதற்கும் பிரிண்ட் வரும். மல்லிகாவின் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. "போடச் சொல்லுங்க" என்றேன். இருவருக்கும் பேச்சில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கவிதா மேலே மின்விசிறியைப் பார்த்து, "பசங்க வந்துகினு இருக்காங்க, யாராச்சும் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டா தேவலாம்" என்றார். முன்னிலையை ஒழித்துப் படர்க்கையில் ஒரு விண்ணப்பம். பதிலும் எனக்குத்தான் வந்தது: "போட்டாச்சுன்னு சொல்லுங்கண்ணா. ஜல்தியா எடுத்துக்கச் சொல்லுங்க, எனக்கும் டிசைன் எடுக்கணும்!"

ஒயர்

மூன்றாவதாக அழைத்ததும் கவிதாதான். "தெனம் காலைல இதே பேஜாரா இருக்குண்ணா. ஒயர் இல்லாம வைஃபையில போட்டுக் குடுங்க." அந்த மிஷினுக்கு அந்த வசதி உண்டு. முதல் நாளே சொல்லியிருப்பேன். இலக்கணம் குறுக்கே வந்துவிட்டது.

"இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்று ஒயரில் கை வைத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கேக்கவே வேணாமா?" என்றார் கவிதா, மெதுவாக.

பலகைக்கு அப்பால் கீபோர்டு சத்தம் நின்றது. மல்லிகாவின் குரல், முதன்முறையாக முன்னிலையில்: "கவிதா, அந்த ஒயரைத் தொட வேணாம்னு சொல்லுடி அவர்கிட்ட. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

அந்த வாக்கியத்தை ஒருவர் சொல்லி, இன்னொருவர் தலையாட்டி, நானும் மறுத்துப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான்.