அத்தையின் எச்சில்

ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டுச் சிறுமி லீனாவிடம் ரவா லட்டு ஒன்றை நீட்டினேன். ஆறு வயதுக் குழந்தை. வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஓன்ஸ்டாக்" என்று சொல்லி என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்துவிட்டு ஓடிவிட்டாள். இன்று புதன் என்று பொருள். ஸ்வீடனுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புதனன்று விரதமா, அல்லது நான் தொட்டது ஆகாதா என்று வாசலிலேயே நின்று குழம்பினேன். மாலையில் அவள் அம்மா கரின் சிரித்துக்கொண்டே வந்தாள். இங்கே பல வீடுகளில் குழந்தைகளுக்கு இனிப்பு சனிக்கிழமை மட்டும்தானாம். அதற்கு 'லோர்டாக்ஸ்கூடிஸ்' என்று ஒரு பெயரே இருக்கிறது.

கரின் பல் மருத்துவமனையில் உதவியாளர். வாயிலிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் பல்லைக் கரைக்கும், அடிக்கடி தின்றால் பல் தேறிக்கொள்ள அவகாசமே கிடைக்காது என்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினாள். என் அரைகுறை ஸ்வீடிஷில் கேட்டேன்: "அந்தக் கிருமி பரம்பரையாக வருமா?" பெரும்பாலும் இல்லை, வளர்ப்பவர்களின் எச்சிலிலிருந்துதான் குழந்தைக்கு வரும், ஒரே கரண்டியில் ஊட்டினால் போதும் என்றாள். என் கண் கலங்கிவிட்டது. "என் அத்தை" என்று மட்டும் சொன்னேன். "அவர்களை நினைத்து ஏங்குகிறாயா?" என்று தோளைத் தட்டினாள் கரின். "ரொம்ப" என்றேன். எந்த ஏக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விருத்தாசலத்தில் அம்மா பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனாள். பகலெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா, என் அத்தை. சோற்றை மென்று, பதமாக்கி, தன் வாயிலிருந்து எடுத்து என் வாயில் வைத்துத்தான் வளர்த்தாள். அவள் மகன் சேகர் என் முறைமாப்பிள்ளை. சிறு வயதிலிருந்தே அவனுக்கு நான் என்று பேச்சு. எனக்கு இருபத்திரண்டு வயதானபோது பூ வைக்கும் பேச்சு வந்தது. உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"கலா, வாயத் தொற. எல்லாரும் பாக்கட்டும்."

விளையாட்டு என்று நினைத்துத் திறந்தேன்.

"பாத்தீங்களா? முன்பல்லு பூரா சொத்த. இதெல்லாம் பரம்பர. நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கும் இதான வரும்? எம்மவனுக்கு வேணாம்."

சேகர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் திறந்த வாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் சென்ற கோடையில் சேகரின் மகளுக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்ததும் உடனே டிக்கெட் போட்டேன். என் கணவர் வியந்தார். விமானத்தில் நான் சொல்லவேண்டியதைத் தமிழில் மனதுக்குள் பத்துமுறை சொல்லிப் பார்த்தேன்.

மண்டபத்தில் அத்தை பேத்தியை மடியில் வைத்திருந்தாள். ஜாங்கிரியைக் கடித்து, மென்று, விரலால் எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். காத்திருந்த கணம் அதுதான்.

"அத்தே, நிறுத்துங்க. உங்க வாயில இருக்கிற கிருமி அதுக்கும் போவும். என் பல்லு சொத்தையானது பரம்பரையால இல்ல. நீங்க மென்னு ஊட்டின எச்சிலால. ஸ்வீடன்ல பல்லாஸ்பத்திரில வேல பாக்குறவங்களே சொன்னாங்க. நீங்க குடுத்த வியாதிக்குத்தான் என்னை வேணாம்னீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. சேகரின் மனைவி எழுந்து வந்தாள். "அத்தே, புள்ளைய இங்க குடுங்க" என்று குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். மென்ற ஜாங்கிரி அத்தையின் விரலிலேயே இருந்தது. அதை எங்கே துடைப்பதென்று தெரியாமல் அவள் திணறியதை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். அவ்வளவு இனிப்பாக எதையும் நான் தின்றதில்லை.

கைகழுவும் இடத்தில் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீ ராத்திரியில அழுவக்கூடாதுன்னு பால்ல சர்க்கரையக் கரைச்சு, பாட்டில வாயிலியே வச்சு தூங்க வச்சவ நாந்தான்டி. வேல செஞ்ச அலுப்பு. அதையும் மைக்குல சொல்ல வேண்டிதுதான?"

அதுவும் எனக்குத் தெரியும். கரின் அன்றைக்கே சொல்லியிருந்தாள்: கிருமி யாரிடமிருந்தாவது வந்தே தீரும், அநேகமாக எல்லார் வாயிலும் இருக்கிறது, அதற்குத் தீனி போடுவது சர்க்கரை. அந்தப் பாதியை நான் ஊருக்கு எடுத்துப்போகவில்லை. எடுத்துப்போயிருந்தால் அம்மாவை அல்லவா அந்த மண்டபத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்?

இப்போது அத்தை பேத்திக்கு ஊட்டுவதில்லையாம். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தவழ்ந்து வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். போனில் அம்மா சொன்னபோது, "நல்லது" என்றேன். மன்னிப்பு கேட்கச் சொல்கிறாள். கேட்கமாட்டேன். என் வாயைத் திறக்கச் சொன்னதற்கு அத்தை கேட்டாளா?

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் வெல்ல முடியவில்லை. இங்கே என் முன்பற்களைச் சரிசெய்து பல மாதமாகிறது. கரினோடு ஸ்வீடிஷில் பேசும்போது தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறேன். ஊரிலிருந்து போன் வந்து, தமிழில் ஏதாவது கேட்டுச் சிரிப்பு வந்தால், யாருமே பார்க்காத சமையலறையிலும் என் இடது கை எழுந்து வாயைப் பொத்திக்கொள்கிறது.