உள்ளே 10.15, வெளியே 12.30

அந்தப் பதிவேட்டின் அட்டை சிவப்பு. மேலே ‘மின் நூலகம் – மாணவர் வருகை’ என்று எழுதி ஒட்டியிருக்கும். நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் விரிவுரையாளனாகச் சேர்ந்த காலத்தில், மின் நூலகத்தில் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே பொருள் அதுதான். இருபது கணினிகளும் வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு, கூண்டுக் கோழிகளைப்போல வரிசையாக இருந்தன. முட்டைதான் இடவில்லை.

சாவி நூலகரின் இடுப்பில். “பசங்க கை பட்டா அழுக்காயிருமுங்க சார்” என்பது அவர் கொள்கை. புத்தகங்களுக்கும் அதே கொள்கைதான். அந்த மனிதரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. பணி நிறைவு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவன் நான். அவர் கழுத்து அவ்வளவு அருகில் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. வாய்ப்பை நழுவவிட்டேன்.

மின் நூலக ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு தாளில் என் பெயர் இருந்தது. அதிகாரம் என்று பார்த்தால் அந்தத் தாள் மட்டும்தான். கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக்குழு வர இரண்டு நாள் இருக்கும்போது, ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்று பகல் ஒரு மணியோடு கடைசி. கைப்பேசியில் படிவம் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம்.

“அரை மணி நேரம் போதுங்க சார்” என்றாள், நூலகரை விட்டுவிட்டு என்னிடம்.

நூலகர் குரலை உயர்த்தவேயில்லை. “கமிட்டி வந்து பாத்துட்டுப் போவட்டும் சாமி. அப்பறம் நாளெல்லாம் உக்காரு.”

சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டே கதவைச் சாத்த எங்கள் சீமைக்காரர்களால்தான் முடியும். அநீதியை எதிர்த்த காவிய நாயகர்களைப் பற்றி வகுப்பில் கண்கலங்கப் பேசுகிறவன் நான். அன்று மின்விசிறியைப் பார்த்தேன். என் பணி நிரந்தர ஆணை கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. டவுனுக்குப் போய்ப் பாரும்மா என்றேன். போனாள். பிரௌசிங் சென்டரில் அவள் முறை வருவதற்குள் ஒரு மணி தாண்டிவிட்டது. மறுநாள் அவளேதான் சொன்னாள், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல.

அவள் அதைச் சொன்ன அன்று பிற்பகல் நூலகர் வெற்றுப் பதிவேட்டையும் ஐந்து நிறப் பேனாக்களையும் என் முன்னால் வைத்தார். ஓராண்டு வருகையை உட்கார்ந்த இடத்தில் நிரப்ப வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ஆவணப்படுத்துதல் என்று பெயர்.

“கையெழுத்த மாத்தி மாத்திப் போடுங்க சார். இலக்கியம் படிச்சவரு, கற்பனை வருமில்லைங்க?”

வந்தது. மாணவர்கள் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வுக்குழு மெச்சிவிட்டுப் போனது. எனக்கு ஆணையும் வந்தது.

இப்போது அதே அறைக்குக் கண்ணாடிக் கதவு, வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி. உறைகள் இல்லை. நிஜமாகவே நான்தான் பொறுப்பாளர். பழைய பதிவேடுகளைக் கழித்துவிடச் சொன்னபோது சிவப்பு அட்டையை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். நூலகருக்கு எதிரான சாட்சியம் என்று நினைத்துத்தான். பிரித்தேன். பச்சை மையில் அந்த மாணவியின் பெயர், அவள் வந்து நின்ற அதே தேதியில். உள்ளே 10.15, வெளியே 12.30. நோக்கம்: விண்ணப்பம் அனுப்ப. எழுத்து என்னுடையது.

அரை மணி நேரம் போதும் என்றவளுக்கு இரண்டேகால் மணி நேரம் கொடுத்திருக்கிறேன்.