சுவரோரம் நின்றவன்

தலீலாவைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வேன். கடலோர ஊரான ஸ்ஃபாக்ஸில், துறைமுகத் தெருவில் எங்கள் கடை. கேமரா மாட்டுவது என் வேலை. அவை பிடித்த வீடியோவைச் சுருக்கிச் சேர்த்து வைப்பது அவள் வேலை. காலையில் ஹரிஸா மிளகாய் விழுது வழியும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வருவாள். வந்ததும் என்னைத் திட்டுவாள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரைப் போடுவாள்.

“நூரி, உன் கேமராவுக்கு என்ன, கண்புரையா? ஒரே புள்ளி புள்ளியா இருக்கு.”

“இருட்டுல அப்படித்தான் இருக்கும். கண்டுக்காம விடச் சொல்லு உன் கார்டுகிட்ட.”

கார்டு என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. மூடிப்போன ஒரு வீடியோ கேம் கடையிலிருந்து அள்ளி வந்தவை. பிள்ளைகள் சுட்டு விளையாடிய கார்டுகளை வைத்து அவள் பிழைப்பு நடத்தினாள்.

சுருக்குவதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, போன படத்திலிருந்து எந்தக் கட்டம் மாறியது என்று பார்க்க வேண்டும். மாறியதை மட்டும் எழுத வேண்டும். மாறாததை முன்பு இருந்தபடியே விட்டுவிட வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் இதற்கு மூச்சு வாங்கும். கார்டோ ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் பார்த்துவிடும். பிழை சேர்ந்துவிடாமல் இருக்க நடுநடுவே முழுப்படம் ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். முழுப்படம் இடத்தைத் தின்னும். அதனால் எங்கள் ஊரில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். முழுப்படங்களைத் தள்ளித் தள்ளி வைத்தாள். இருட்டுக் கட்டங்களில் கொஞ்சம் மாறினால் மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளும்படி கார்டுக்குச் சொல்லிவிட்டாள். சுருக்கி முடித்ததும் மூல வீடியோவை அழித்துவிடுவோம். அந்த டிஸ்க் மறுபடி கேமராவுக்குப் போக வேண்டுமே. படகுத் துறையில் இருக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் நாங்கள்தான் கேமரா மாட்டியிருந்தோம். அதன் சுவரை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?

ஷெத்லி மாமா பார்த்தார்.

அவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். மனைவி எப்போதோ இறந்துவிட்டாள். மகன் வஜ்தி ஒருவன்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனான். அதே விடியலில், ஐஸ் தொழிற்சாலைத் துறையிலிருந்து இத்தாலிக்கு ஆள் ஏற்றிப் போன படகு கவிழ்ந்தது. யாரும் உயிரோடு வரவில்லை. சில உடல்கள் கரை ஒதுங்கின. கடல் ஒரு முகத்தையும் விட்டுவைக்கவில்லை. பெற்றவர்கள் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் ஒப்பிட்டுப் பார்த்து உடலை ஒப்படைப்பார்கள். இல்லாவிட்டால் பெயரற்றவர்களின் மையவாடியில் வெறும் எண்ணோடு அடக்கம்.

எச்சில் கொடுப்பதற்கு முன், மகன் அந்தப் படகில் ஏறினானா என்று பார்க்க அவர் எங்கள் கடைக்கு வந்தார். தலீலா அந்த விடியலைத் தேடி எடுத்து ஓட்டினாள். ஆட்கள் சுவரோரம் வந்து கூடினார்கள். கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் விளக்குப் பக்கம் திரும்பினான். வஜ்தி. பிறகு கூட்டம் மொத்தமாகப் படகுக்கு நகர்ந்தது, படகு போனது. சுவரோரம் வஜ்தி நின்றுகொண்டிருந்தான். வெகு நேரம் நின்றான். பிறகு சட்டென்று அங்கே யாரும் இல்லை.

ஷெத்லி மாமா மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா? படகு போயிடுச்சு, என் பையன் நிக்கிறான்! ஏறல அவன். பயந்துட்டான். கோழைப் பய! அல்ஹம்துலில்லாஹ், என் மகன் கோழை!”

தலீலாவின் தலையில் முத்தமிட்டு, அழுதுகொண்டே ஓடினார். எனக்கும் கண் கலங்கியது. அவள் மட்டும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூரி, அவன் கொஞ்சம்கூட அசையல.”

“நிக்கிறவன் அசையாமத்தான் நிப்பான்.”

“இப்படியா? சரி, அவன் கால் எங்கடா?”

குனிந்து பார்த்தேன். தோள் இருந்தது, சட்டை இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம்தான் மினுங்கியது. வெளிச்சம் பட்ட கட்டங்களை மட்டும் கார்டு மாற்றி எழுதியிருந்தது. கறுப்புச் சட்டையும் இருட்டுச் சுவரும் அதற்கு ஒன்றாகவே பட்டிருக்கின்றன.

ஷெத்லி மாமா மகனின் போட்டோவோடு காபெஸ், சூஸ் என்று ஊர் ஊராக அலைந்தார். திரும்பி வந்த நாளெல்லாம் கடையில் உட்கார்ந்து அந்த வீடியோத் துண்டை ஓட்டச் சொல்வார். தலீலா திட்டுவதை நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்து உட்காரவே மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான் என்று அவள் தங்கை சொன்னாள்.

ஒருநாள் துணிந்து சொல்லிப் பார்த்தாள். “மாமா, அது வஜ்தி இல்ல. கார்டு அழிக்காம விட்ட மிச்சம்.”

“பெத்த எனக்குத் தெரியாதது உன் கார்டுக்குத் தெரியுமா? போ பொண்ணே, வேலையப் பாரு!”

அந்த வாரமே அடையாளம் தெரியாத உடல்களை அடக்கம் செய்யப் போவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தலீலா அதைக் கேட்டு எழுந்தாள். என் கறுப்புச் சட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் ஐஸ் தொழிற்சாலைக்குப் போய் வஜ்தி நின்ற இடத்தில் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி விளக்கடியில் காத்திருந்தேன். அவள் சுவரின் நிழலோடு நிழலாக நடந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். அதே கேமரா. அதே கார்டு. கார்டுக்குச் சொல்லியிருந்ததில் எதையும் மாற்றவில்லை.

மறுநாள் ஷெத்லி மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினாள். திரையில் தலீலா சுவரோரம் நின்றாள். விளக்கடியில் நான் நின்றேன். பிறகு விளக்கடிக்கு தலீலா வந்தாள், என்னோடு பேசினாள், கையை ஆட்டிச் சிரிக்கக்கூடச் செய்தாள். சுவரோரத்திலும் தலீலா நின்றுகொண்டேதான் இருந்தாள். அவளுக்கும் கால் இல்லை.

ஷெத்லி மாமா மெல்லக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

“நீ இங்கதானே இருக்க?”

“இங்கதான் மாமா இருக்கேன்.”

“அப்ப அவன் எப்பப் போனான்?”

“கூட்டத்தோடயே போயிட்டான், மாமா.”

“நான் தினம் வந்து பாத்தது?”

“அது என் கைவேலை. இடம் மிச்சம் பிடிக்கப் போயி நான் பண்ணினது. மன்னிச்சிருங்க.” அவள் உடைந்து அழுதாள்.

அவர் அழவில்லை. துருக்கறை படிந்த விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சரி,” என்றார். “எச்சில் எங்க குடுக்கணும்? எனக்கு அந்த ஆஸ்பத்திரி வழி தெரியாது. நீ கூட வா, மகளே.”

எச்சில் ஒத்துப்போனது. வஜ்தி அவன் அம்மாவின் பக்கத்தில், தன் பெயரோடு அடக்கமானான். தலீலா அன்று முதல் முழுப்படங்களை நெருக்கி நெருக்கி வைக்கிறாள். இருட்டிலும் சின்ன மாற்றத்தைக்கூட விடாமல் எழுதச் சொல்லிவிட்டாள். கார்டுகள் கொதிக்கின்றன, டிஸ்க் நிறைகிறது, வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கு அவள் வாயிலிருந்து கிடைப்பது கிடைக்கிறது.

வஜ்திக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் ஷெத்லி மாமா கடைக்கு வந்தார்.

“அத அழிச்சிட்டியா?”

“இல்ல மாமா.”

“ஒரே ஒரு தடவ ஓட்டு.”

ஓட்டினாள். படகு போனது. வஜ்தி நின்றான். அடுத்த முழுப்படம் எங்கே வந்து அவனை அழிக்கும் என்பது எங்கள் மூவருக்கும் மனப்பாடம். அது வருவதற்குச் சற்று முன் நிறுத்திவிட தலீலா கையைக் கொண்டுபோனாள். ஷெத்லி மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு. போகட்டும்.”

சுவர் காலியானது.