பாதி ஆல்பம் சேவூர் போயிடுச்சு

செய்யார்ல ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்துகினு இருந்தேன். காதுல நேத்து கண்டுபிடிச்ச ஒரு இண்டி ஆல்பம், சினிமா பாட்டு இல்ல, தனியா போட்டது. யாரோ ஒரு பொண்ணு நாட்டுப்பாட்டு மாதிரி மெதுவா பாடுது, அடியில எலக்ட்ரானிக் இசை மழையா தூறிகினே இருக்கு.

பக்கத்து சீட்ல சேவூர் கோமதி அக்கா. "என்னாடி அது? எனக்கும் குடு"ன்னாங்க. ஒயர் இல்லாத இயர்பட் தானே, வலது காதுல இருந்ததைக் குடுத்தேன்.

"நல்லா பாடுதுடி இந்தப் பொண்ணு."

"எங்க பாடுதுக்கா? எனக்கு வெறும் மழை தான் கேக்குது."

"மழையா? எனக்கு மழையே இல்லியே!"

அப்ப தான் புரிஞ்சுது. குரலை வலது காதுக்கும் இசையை இடது காதுக்கும் பிரிச்சு வச்சிருக்காங்க.

மாத்திக்கலாமான்னு கேக்கத் திரும்பினேன். அக்கா கண்ணை மூடிகினு, உதட்டை லேசா அசைச்சுகினு இருந்தாங்க. காலையிலிருந்து நின்னுகினே வேலை செஞ்சவங்க.

ஆரணி வந்துச்சு. கூப்பிட மனசு வரல, இறங்கிட்டேன்.

போன் என்கிட்ட தானே இருக்கு? பஸ் தள்ளிப் போனதும் பாட்டு நின்னுடுச்சு போல, ஜன்னல்ல அக்கா திடுக்குன்னு காதைத் தொட்டுப் பார்த்தாங்க.

இப்ப பாடுற பொண்ணு சேவூர்ல, மழை எங்க வீட்ல.

பாதி ஆல்பத்துக்கு ரிவ்யூல எத்தனை ஸ்டார் போடலாம்? நீங்களே சொல்லுங்க.