மார்லிஸ் அசையாமல் இருந்த ஞாயிறு

மார்லிஸ் டோர்கெல்சன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். இப்போது ஐம்பத்தாறு வயது, சக்கரம் இன்னும் தேயவில்லை. தன் கல்யாணத்தில் கேக்கைக்கூட நின்றுகொண்டேதான் தின்றாள். சர்ச்சில் கடைசி பெஞ்சுதான் அவளுக்கு. பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். அவள் எழுந்தால் முடிக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பாதிரியாரே தெரிந்துகொள்வதாக ஊரில் ஒரு கேலி உண்டு.

அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. பிளம் கிரீக் பக்கத்துக் குன்றுகளில் தபால் போடும் வேலை. சாலையோரத்தில் வீட்டுக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த ஜீப்பை நிறுத்தி, கையை நீட்டி, கிளப்பி, மறுபடியும் நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் வில் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறாள் என்றதும் ஊரே வாய்விட்டுச் சிரித்தது. துப்பாக்கி என்றால் பரவாயில்லை, நூறு கஜம் தள்ளி நின்றுகூடச் சுட்டுவிடலாம். வில்லுக்கு மான் இருபத்தைந்து கஜத்துக்குள் வந்தாக வேண்டும். அது வரும்வரை மரத்தில் பதினெட்டு அடி உயரத்தில், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய பரணில், மரத்தின் பட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இருமக்கூடாது, சொறியக்கூடாது, நாறக்கூடாது, மணக்கவும் கூடாது. இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவன் அவள் புருஷன் கார்டிதான். சாராயக்கடையில் நாலு பேர் நடுவில், "மார்லிஸா? அவ ஏறினா மரமே எழுந்து ஓடிடும்" என்று சொல்லிவிட்டான். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே போய் வில் வாங்கிவந்தாள்.

முதல் வருடம் அவள் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் பரண் கிரீச்சிட்டு, வந்த மானெல்லாம் திரும்பிப் போயின. இரண்டாவது வருடம் போகிற வழியில் வேட்டைப் பூட்ஸோடு இறங்கி வண்டிக்கு டீசல் போட்டாள். அன்று ஒரு பெண்மான் அவள் நடந்துவந்த தடத்தை மோந்து பார்த்துவிட்டு, மரத்தை நிமிர்ந்து நேராக அவளையே பார்த்தது. பிறகு மூக்கால் ஒரு சீறு சீறிவிட்டுக் காட்டையே எழுப்பிக்கொண்டு போனது. மூன்றாவது வருடம் இருமல் மிட்டாயின் காகிதம் காட்டிக்கொடுத்தது.

அதற்குப் பிறகு வீம்புக்காகவே கற்றுக்கொண்டாள். வேட்டை உடுப்பு ஓக் இலை போட்ட தொட்டியில் வெளியே கிடக்கும். பூட்ஸை வயல் ஓரத்தில்தான் மாட்டுவாள். எருக்கம் பஞ்சு மாதிரி பறக்கும் ஒரு செடியின் பஞ்சைப் பையில் வைத்திருப்பாள். ஒரு இழையை ஊதிவிட்டு அது போகும் திசையைப் பார்த்துத்தான் எந்த மரம் என்று முடிவு செய்வாள். அக்டோபரில் வீட்டுக்குள் பன்றிக்கறி வறுக்கக் கார்டிக்கு அனுமதி கிடையாது. "நான் பொண்டாட்டியோட வாழறேனா, மோப்ப நாயோட வாழறேனா?" என்பான் அவன். திட்டிக்கொண்டே சட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவான்.

ஆனால் உடம்பை மறைக்கப் பழகியவளுக்கு அவசரத்தை அடக்கத் தெரியவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மானுக்கு அம்பு வயிற்றில் பட்டது. வயிற்றில் பட்ட மான் பக்கத்திலேயே எங்காவது படுக்கும், தானாகவே உயிர் போகும், எட்டு மணி நேரம் அதன் பக்கம் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாற்பது நிமிடம் பொறுத்தாள். பிறகு போனாள். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. ஏப்ரலில் காளான் பறிக்கப் போனவர்கள் எலும்பைப் பார்த்தார்கள். அரை மைல் தள்ளி, ஓடைக்குள் கிடந்தது. அத்தனை தூரம் அந்த வயிற்றோடு அதை ஓடவைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கார்டியிடம் மட்டும் சொன்னாள். கேலிக்காரன் அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த அக்டோபர் கடைசி ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு அது மறுபடியும் நடந்தது. எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண்மான். இருபத்திரண்டு கஜம். நாணை விட்ட அதே நொடியில் அது ஒரு அடி முன்னே எடுத்து வைத்துவிட்டது. முதுகு வில்லாக வளைந்தது. வாலைத் தாழ்த்திக்கொண்டு, ஓடாமல், வயிற்று வலிக்காரன் மாதிரி மெதுவாக நடந்து புதருக்குள் போனது. கீழே இறங்கி அம்பை எடுத்து மோந்தாள். மோந்து பார்க்கத் தேவையே இல்லை, வயிற்றில் கிடந்த தழை பச்சையாக ஒட்டியிருந்தது. மான் போன திசைக்கு எதிர்ப்பக்கமாக, குதிகாலை ஊன்றாமல் நடந்து வெளியே வந்தாள்.

கார்டி சமையலறையில் அவள் முகத்தைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்தான்.

"பட்டுச்சா?"

"பட்டுச்சு. பின்னாடி."

அவன் அம்பை வாங்கி மோந்தான். "வயிறு. அப்போ சாயங்காலந்தான்."

"ரெண்டு மணிக்கு மழைன்னு சொல்றான்."

அவள் லானி ஸ்கார்க்குப் போன் போட்டாள். அடிபட்ட மானைக் கயிறு கட்டிய நாயை வைத்துத் தேடிக்கொடுப்பவன் லானி.

"லானி, உன் நாய் வேணும். ஏழே முக்காலுக்கு அடிச்சேன், வயித்துல பட்டுடுச்சு."

"நாங்க மாவட்டத்துக்கு அந்தக் கோடில இருக்கோம், மார்லிஸ். இங்க ஒருத்தன் நேத்தே அடிச்சுட்டு முழிக்கிறான். அஞ்சு மணிக்கு முன்னாடி வர முடியாது. முதுகு வளைஞ்சுதா?"

"வளைஞ்சுது. நடந்துதான் போச்சு."

"அப்போ பக்கத்துலதான் படுத்திருக்கும். நீ தொந்தரவு பண்ணாத வரைக்கும் அங்கேயே கெடக்கும். மூணே முக்கால் வரைக்கும் அந்தக் காட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே."

"மழை வந்தா ரத்தத்தைக் கழுவிட்டுப் போயிடும்."

"ரத்தம் போனா மானைத் தேடிக்கலாம். மானே போயிட்டா எதைத் தேடுவே? உக்காரு."

"உக்காரத் தெரிஞ்சா நான் எதுக்கு உனக்குப் போன் பண்றேன்?"

போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியைக் கார்டியின் முன்னால் போட்டாள். "இதை நீ வெச்சுக்கோ. கேட்டாலும் குடுக்காதே."

"கேப்பியா?"

"கேப்பேன்."

அன்று அந்த வீடு பட்ட பாட்டைக் கார்டி இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒரு வாரத்துக்கான உருளைக்கிழங்கை உரித்துத் தள்ளினாள். கொட்டகையைக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். அலமாரியில் இருந்த ஜாடிகளையெல்லாம் இறக்கித் துடைத்து, முதலில் இருந்த மாதிரியே ஏற்றி வைத்தாள். பன்னிரண்டு மணிக்கு டிவியில் பேக்கர்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் தொடங்கியது. டிவிக்கும் கார்டிக்கும் நடுவில் அவள் நடந்த நடையில் அவர்கள் முதல் புள்ளி எடுத்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

"ஒண்ணு நில்லு, இல்லேன்னா ஓரமாப் போ. நடுவுல போய் வந்தா எப்படி?"

"என்னால முடியல, கார்டி."

"தெரியுது."

ஒன்று பத்துக்கு அவன் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். அவன் டிவியைப் பார்த்தபடியே சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டான்.

"குடு."

"மாட்டேன்."

"சும்மா வயல் ஓரத்துல போய் நிக்கிறேன். உள்ள போகமாட்டேன்."

"காலைல இருந்த மார்லிஸ் குடுக்காதேன்னு சொல்லியிருக்கா. நான் அவ பேச்சைத்தான் கேப்பேன்."

அந்த நிமிடம் அவளுக்கு அவன்மேல் வந்தது நிஜமான வெறுப்பு. சன்னல் ஓரமாகப் போய் நின்றாள். ஒன்றே முக்காலுக்கே கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது.

மழை வழிந்த கண்ணாடியைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வந்தது. நாலு வருடத்துக்கு முன் அவள் அப்பா ஆர்வின் மூன்று நாள் அங்கே இழுத்துக்கொண்டு கிடந்தார். மற்றவர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். அவளும் முடிந்தவரை உட்கார்ந்தாள், பத்துப் பத்து நிமிடமாக. மூன்றாம் நாள் மத்தியானம் அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கால் கேட்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். மூன்று சுற்றானது. திரும்பி வந்தபோது நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாவுச் சாப்பாட்டின்போது தம்பி டேல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன்னால ஒரு எடத்துல உக்கார முடியாதுன்னு அவருக்கும் தெரியும்க்கா" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

மூன்றரைக்குக் கார்டி தானே எழுந்து வந்து வண்டியைக் கிளப்பினான். வயல் ஓரத்தில் இறக்கிவிட்டு, "நான் இங்கேயே இருக்கேன்" என்றான். அவள் பூட்ஸை மாட்டினாள், வில்லை எடுத்தாள், காட்டுக்குள் போனாள்.

ரத்தம் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. ஆனால் நனைந்த இலை சத்தம் போடாது, அது ஒரு லாபம். ஈரத்தில் பஞ்சு பறக்காது. அதனால் காற்றைக் கன்னத்தால் பார்த்தாள். வடமேற்கிலிருந்து வந்து நேராக முகத்தில் அடித்தது. வயிற்றில் அடிபட்டது தாகத்தில் தண்ணீரைத் தேடும் என்று ஓடைப் பக்கமாகத் திரும்பினாள். ஒரு அடி வைப்பாள், நிற்பாள், பத்து எண்ணுவாள், அடுத்த அடி வைப்பாள். இருநூறு கஜத்துக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக எங்கும் போனதில்லை.

ஓடைக்கரையில் சிவப்புக் குச்சிப் புதருக்கு நடுவில் கொம்பு தெரிந்தது. அவள் அங்கேயே மண்டியிட்டாள். நாற்பது கஜம் இருக்கும். மான் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. இறந்திருக்கும் என்று எண்ணிய நேரத்தில் ஒரு காது திரும்பியது. உயிர் இருந்தது. தலை நிமிர்ந்தே இருந்தது.

இன்னொரு அம்பு விட்டால் அதன் வேதனை முடிந்துவிடும். அவள் கை அதற்குத்தான் பறந்தது. ஆனால் நடுவில் முழுக்கக் குச்சிகள். ஒரு குச்சியில் உரசினாலும் அம்பு எங்கோ போகும். இடது பக்கம் சுற்றிப் போனால் அவள் வாடையைக் காற்று நேராக அதன் மூக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும். வலது பக்கம் வெட்டவெளி ஓடை. எந்தப் பக்கம் அசைந்தாலும் அது எழுந்துகொள்ளும். எழுந்தால் பதினொரு வருடத்துக்கு முந்தைய கதைதான், அதே அரை மைல், அதே வயிறு.

அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. தான் இங்கே இருப்பது தெரியாதவரை அந்த மானுக்கு வலி மட்டும்தான். தெரிந்துவிட்டால் வலியோடு பயமும் சேர்ந்துகொள்ளும். அவளால் அதற்குக் கொடுக்க முடிந்தது இந்த ஒன்றுதான். வில்லை இலைமேல் படுக்கவைத்தாள். ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடத்தில் வலது கால் ஆரம்பித்தது. தொடையில் எறும்பு ஊறுகிற மாதிரி ஒரு துடிப்பு, அதற்குப் பிறகு முழங்காலில். பல்லைக் கடித்தாள். மழை கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. எழுந்து ஒரே ஒரு சுற்று வந்தால் போதும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அந்தக் கெஞ்சல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த கெஞ்சல். அன்றைக்கும் ஒரே ஒரு சுற்று என்றுதான் கேட்டது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மானின் முதுகைப் பார்த்தாள். விலா ஏறி இறங்கியது. அது ஏறும்போது அவளும் மூச்சை இழுத்தாள், இறங்கும்போது விட்டாள். அப்பா முதுகும் இப்படித்தான், எலும்பு எலும்பாக இருந்தது. அவள் அழுதாள், சத்தம் வராமல். மூக்கை உறிஞ்சக்கூட இல்லை.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தலை மெல்ல மெல்லச் சரிந்து இலைமேல் படிந்தது. விலா ஏறியது, இறங்கியது. வெகுநேரம் ஏறவில்லை. ஒருமுறை ஏறியது. பிறகு இல்லை. அதன் பிறகும் அவள் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது மேற்கில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கார்டி வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ஓடைக்கரைல."

"எப்போ?"

"நாலரைக்கு."

"நாலரைக்கா? மணி ஆறாகப் போகுது. இவ்ளோ நேரம் என்ன பண்ணே?"

"உயிர் இருந்துச்சு. போற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

கார்டி அவளையே பார்த்தான். அவள் முகத்தில் மழை மட்டும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினான், மறுபடியும் போட்டுக்கொண்டான். வண்டியிலிருந்து இழுவைக் கயிற்றை எடுத்தான்.

"நனைஞ்சு போயிருக்கே. நீ வண்டில உக்காரு, நான் போய் இழுத்துட்டு வரேன்."

"வேணாம்," என்று அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காந்தாச்சு. வா, நடப்போம்."